மலேசியாவுக்கு நல்வரவு

விடிகாலை நான்கு மணி. கருப்பியின் மடியைத் துடைத்துவிட்டுக் கறக்க உட்கார்ந்திருந்தேன். சட்டைப் பையில் இருந்த புது ஃபோன் இரண்டு தடவை அதிர்ந்தது. பால் கையோடு எடுத்துப் பார்த்தால், மலேசியாவுக்கு நல்வரவு என்று ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி. நான் உட்கார்ந்திருந்தது சிங்கப்பூரின் லிம் சூ காங்கில், எங்கள் ஆட்டுக் கொட்டிலில், முக்காலியின் மேல். கடப்பிதழ் வீட்டு அலமாரியில் பூட்டிக் கிடந்தது.

"ஏங்க, நாம மலேசியாவுல இருக்கோமாம்" என்று கணவரிடம் சொன்னேன்.

"அப்படியா, பெட்ரோல் மலிவா இருக்கும், வண்டியில போட்டுட்டு வா" என்றார் அவர், அடுத்த ஆட்டை இழுத்துக்கொண்டே.

சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தோம். மாதக் கடைசியில் பில் வந்தபோது சிரிப்பு நின்றது. ரோமிங் கட்டணம், அதாவது வெளிநாட்டு நெட்வொர்க்கைப் பிடித்ததற்கான கட்டணம், மட்டும் 140 சிங்கப்பூர் வெள்ளி. வாசலைத் தாண்டாமலேயே வெளிநாடு போய்வந்த கணக்கு.

சிங்கப்பூரில் ஆட்டுப் பண்ணையா என்று கேட்பவர்கள் உண்டு. டாக்சி ஓட்டுநர்களே கேட்பார்கள். வடமேற்கு மூலையில், கிராஞ்சியிலிருந்து லிம் சூ காங் வரைக்கும், காய்கறித் தோட்டம், முட்டைக் கோழிப் பண்ணை, மீன் பண்ணை, தவளைப் பண்ணை, ஆடு, மாடு என்று இன்னமும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. 975 பேருந்தில் லிம் சூ காங் சாலையில் இறங்கி, செம்மண் ஒட்டிய கிளைச்சாலையில் இருபது நிமிடம் நடந்தால் எங்கள் கேட். நிலம் குத்தகைதான். நாங்கள் இருவரும் பண்ணையிலேயே தங்குகிறோம். மகள் கல்யாணமாகி சுவா சூ காங்கில் வீவக வீட்டில், அரசு கட்டிய அடுக்குமாடியில், இருக்கிறாள்.

புது ஃபோன் வாங்க வேண்டும் என்று நானாக ஆசைப்படவில்லை. பட்டன் ஃபோன் போதுமாக இருந்தது. 2017-இல் சிங்கப்பூரில் 2ஜி சேவையை நிறுத்தியபோது முதல் பட்டன் ஃபோன் செத்தது. சரி என்று 3ஜி பட்டன் ஃபோன் ஒன்று வாங்கினேன். 2024-இல் 3ஜியையும் மூடிவிட்டார்கள். இரண்டு தடவையும் ஃபோன்மேல் குற்றமில்லை. பேட்டரி மூன்று நாள் நிற்கும் நல்ல ஃபோன்கள். மகள் இதற்காகவே காத்திருந்தவள் போல ஒரு பெரிய திறன்பேசியைக் கொண்டுவந்து, பழைய எண்ணை அதில் போட்டு, "இனிமே பேத்திய தினம் முகம் பாத்துப் பேசலாம்மா" என்றாள். அந்த ஒரு வரியில் விழுந்துவிட்டேன்.

அந்த 140 வெள்ளிக் கதையைச் சொல்லிவிடுகிறேன். சுங்கை பூலோ, கிராஞ்சி, லிம் சூ காங் பக்கம் போய்வந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். எங்கள் கரைக்கும் மலேசியாவின் ஜொகூர்க் கரைக்கும் நடுவில் இருப்பது ஒடுக்கமான நீர்ப்பரப்பு. தண்ணீருக்கு மேலே அலைவரிசையை மறிக்க எதுவும் இல்லை. இந்தப் பக்கத்தில் மரமும் காடும்தான். அக்கரைக் கோபுரத்தின் சிக்னல் பலமாக வந்தால், ஃபோன் அதைப் பிடித்துக்கொள்கிறது. நாம் எந்த நாட்டில் நிற்கிறோம் என்று அதற்கு என்ன கவலை? இரண்டு ஊரிலும் ஒரே நேரம் என்பதால் கடிகாரமும் மாறாது. பில் வந்தால்தான் தெரியும்.

மகள் சொல்லித் தந்த வைத்தியம் இரண்டு. ஒன்று, ரோமிங்கில் இணையம் போகாதபடி அணைத்துவைப்பது. இரண்டு, நெட்வொர்க்கைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் வசதியை நிறுத்திவிட்டு, நம் நிறுவனத்தின் பெயரை நாமே தொட்டுத் தேர்ந்தெடுப்பது. இரண்டும் அமைப்புகளில் மொபைல் நெட்வொர்க் என்ற பகுதிக்குள் இருக்கின்றன. இப்போது பல திட்டங்களில் மலேசிய ரோமிங் சேர்ந்தே வருகிறது. என்னுடையது மலிவுத் திட்டம், அதில் இல்லை. இந்தப் பக்கம் குடிவருபவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். எத்தனை ஜிபி என்பதெல்லாம் அப்புறம்.

இரண்டாவது வைத்தியத்துக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. ஜொகூர் பாருவில் நாத்தனார் மகன் கல்யாணத்துக்குப் போனபோது ஃபோன் செத்த மாதிரி கிடந்தது. மண்டபம் எங்கே என்று தெரியாமல் ஒரு பெட்ரோல் நிலையத்தில் முக்கால் மணி நேரம் நின்றோம். பண்ணையில் நிற்கும்போது ஃபோன் மலேசியாவில் இருந்தது, மலேசியாவில் நிற்கும்போது சிங்கப்பூரைத் தேடிக்கொண்டிருந்தது. கடற்பாலத்தைத் தாண்டும்போது பழையபடி தானாகத் தேர்ந்தெடுக்க விட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. ஃபோனில் சேமித்திருக்கும் எல்லா எண்களுக்கும் முன்னால் +65 போட்டுவையுங்கள். அக்கரைக் கோபுரத்தில் தொற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் எட்டு இலக்கத்தை மட்டும் அழுத்தினால் அழைப்பு போகாது. ஒரு குட்டி குறுக்கே சிக்கிக்கொண்ட இரவில் கால்நடை மருத்துவரை அழைக்கப் பார்த்து, மலாயில் ஒரு பெண் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் குட்டி பிழைத்தது, வேறு கதை.

சிக்னல் மெலிந்த இடத்தில் பேட்டரி சீக்கிரம் இறங்குவதும் இதனால்தான். கோபுரத்தை எட்டுவதற்கு ஃபோன் தம் கட்டிக் கத்த வேண்டியிருக்கிறது. தீவனக் கிடங்குக்குள் வைத்தால் தொட முடியாத சூடு. இப்போதெல்லாம் அங்கே போகும்போது விமானப் பயன்முறையில் போட்டுவிடுகிறேன்.

அப்புறம் ஆடுகள். ஃபோன் செய்கிறவர்கள் தண்ணீரில் போடுகிறார்கள், தூசியில் போடுகிறார்கள், ஐபி68 என்று எழுதுகிறார்கள். ஆட்டிடம் கொடுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. சார்ஜ் கம்பி ஆட்டுக்குக் கொடி மாதிரி. முதல் மாதத்தில் கருப்பி இரண்டு கம்பிகளைத் தின்றாள். நல்லவேளை, இரண்டும் மின்சாரத்தில் இல்லை. ஆடு கட்டும் இடத்தில் சார்ஜ் போடுவதே தப்பு. எட்டாத உயரத்தில் ஆணி அடித்து மாட்டினேன். ஆடு பின்னங்காலில் நிற்கும் என்பதை நான் மறந்தது என் தப்பு. முப்பது வருடமாக ஆடு வளர்க்கிறவள் மறக்கக் கூடாதது.

விரல் ரேகை இன்னொரு கூத்து. தினம் இரண்டு வேளை கறக்கும் கையில் ரேகை எங்கே இருக்கிறது? கடையில் அந்தத் தம்பி பத்துத் தடவை என் கட்டைவிரலை அழுத்தச் சொன்னார். கடைசியில் "ஆண்டி, கை கழுவிட்டு வரீங்களா" என்றார். கழுவித்தான் வந்திருந்தேன். ஒரே விரலை இரண்டு பெயரில் இரண்டு தடவை பதிந்துவைத்தால் கொஞ்சம் மேல் என்று அப்புறம் கற்றுக்கொண்டேன். ஈரக் கையோடு அதுவும் வேலை செய்யாது. ஆறு இலக்க எண்தான் எனக்கு ஒத்துவந்தது.

குறை மட்டும் சொன்னால் நன்றி கெட்டவள் ஆவேன். சினை ஆட்டுக் கணக்கை முன்பெல்லாம் நாள்காட்டியில் பேனாவால் குறித்துவைப்போம். ஆட்டுக்குச் சினைக்காலம் சுமார் 150 நாள். இப்போது இணை சேர்ந்த அன்றே ஃபோனில் குறித்துவிடுகிறேன். 145-ஆம் நாள் அதுவே கூப்பிடுகிறது. மடி வீங்கினால், கால் குளம்பில் புண் வந்தால், படம் எடுத்து மருத்துவருக்கு அனுப்புகிறேன். படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ஐம்பது காசு நாணயத்தை வைத்து எடுத்தால் புண் எவ்வளவு பெரியது என்று அவருக்குப் புரிகிறது. நேராக வந்து பார்க்க வேண்டியதா, காலை வரை பொறுக்கலாமா என்று சொல்லிவிடுகிறார். கொட்டிலில் ஒலி 96.8 ஓடுகிறது. பாட்டு கேட்டால் ஆடு கூடுதலாகக் கறக்கும் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். எனக்குக் கை வலி தெரிவதில்லை, அவ்வளவுதான்.

யூடியூபில் தமிழ்நாட்டு ஆடு வளர்ப்புக் காணொளிகளைப் பார்த்து ஒரு மாதம் மயங்கிக் கிடந்தேன். அவர்கள் மேய்ச்சலுக்கு விடுகிறார்கள், அகத்தி, வேலிமசால் வெட்டிப் போடுகிறார்கள். இங்கே மேய்ச்சல் நிலம் எங்கே? எங்கள் ஆடுகள் கப்பலில் வந்த உலர்ந்த குதிரைமசாலைத் தின்கின்றன. குளிர் தேசத்து வெள்ளாட்டு இனத்துக்குச் சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் மின்விசிறி போட்டு வளர்க்கிறோம். அவர்கள் சொல்வது அவர்கள் ஊருக்குச் சரி. ஒருவர் சொன்ன கஷாயத்தை நம்பிக் கொடுத்து, ஒரு கிடாவுக்கு இரண்டு நாள் கழிச்சல். அதற்குமேல் காணொளி வைத்தியம் வேண்டாம் என்று கணவர் தடை போட்டார்.

சரி, சமூக ஊடகம். பேத்திக்காக ஒரு ஃபேஸ்புக் கணக்கு, டிக்டாக் கணக்கு. முதல் காணொளிக்குப் பதினோரு லைக், அதில் ஒன்பது சொந்தக்காரர்கள். பிறந்து இருபது நிமிடமான குட்டி நான்கு காலும் நான்கு திசையில் போக எழுந்து, விழுந்து, எழுந்து, சீம்பால் குடித்ததைப் போட்டேன். மறுநாள் காலை பார்த்தால் ஆயிரக்கணக்கில். தலை கால் புரியவில்லை. கறக்கிற நேரத்தில்கூட ஃபோனை எட்டிப் பார்த்தேன். கருப்பி வாளியை உதைத்துவிட்டாள். இரண்டு லிட்டர்.

அந்தக் காணொளியில் நான் செய்த பிழை, இடத்தையும் சேர்த்துப் போட்டது. ஃபோன் கேட்டது, நான் சரி என்று அழுத்தினேன். என்னை மலேசியாவில் இருப்பதாகச் சொன்ன அதே ஃபோன் இந்த ஒரு தடவை மட்டும் கேட் வரைக்கும் சரியாகக் காட்டிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை பத்துக் கார். பிள்ளைகள், தாத்தா பாட்டிகள், கையில் ரொட்டிப் பொட்டலங்கள். கோபப்பட முடியவில்லை, அவ்வளவு ஆசையோடு வந்திருந்தார்கள். "ஆண்டி, டிக்டாக்ல பார்த்தோம், அந்தக் குட்டி எங்க?" என்று ஒரு சிறுமி கேட்டபோது எனக்கே பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் எங்களுடையது பார்வையாளர் பண்ணை இல்லை. வெளியே இருந்து வருகிற காலணியில் நோய்க்கிருமி வரும். அதற்காகத்தான் வாசலில் கிருமிநாசினித் தொட்டி வைத்திருக்கிறோம். ரொட்டி ஆட்டுக்கு ஆகாது. இரைப்பையில் புளித்து, வயிறு உப்பி, ஆளையே சாய்த்துவிடும். சாயங்காலம் இரண்டு ஆடுகள் அசைபோடாமல் நின்றன. ராத்திரி முழுக்க அவற்றை நடத்திக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கே மகள் வந்து, கேமரா அமைப்புகளில் இடத்தைப் பதியும் வசதியை அணைத்தாள். பழைய பதிவுகளிலிருந்தும் இடத்தை எடுத்தாள். படத்தில் எழுதாவிட்டாலும் படத்துக்குள்ளேயே இடக்குறிப்பு ஒளிந்திருக்கலாம் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். வாட்ஸ்அப்பில் ஆவணமாக மூலப்படத்தை அனுப்பினால் அதுவும் கூடவே போய்விடுமாம். ஆடு பார்க்க ஆசைப்படுபவர்களிடம் நான் இப்போது சொல்வது: கிராஞ்சிப் பக்கத்தில் பார்வையாளர்களுக்கென்றே ஏற்பாடு செய்திருக்கும் பண்ணைகள் உண்டு, அங்கே போங்கள். பொங்கல் நேரத்தில் லிட்டில் இந்தியாவுக்கே மாடுகளைக் கொண்டுவந்து காட்டுவார்கள், பிள்ளைகளோடு அங்கே பாருங்கள்.

இந்தப் பக்கத்தில் படம் எடுப்பதில் இன்னொரு சங்கதி உண்டு. தெங்கா விமானப் படைத்தளம் பக்கம். லிம் சூ காங் சாலையில் ஒரு பகுதியையே சில சமயம் பயிற்சிக்காக ஓடுபாதையாக மாற்றிப் போர் விமானத்தை இறக்குவார்கள். காட்டோரங்களில் பாதுகாக்கப்பட்ட பகுதி என்ற சிவப்புப் பலகைகள் நிற்கும், நான்கு மொழியில், தமிழிலும்தான். அந்த வேலிக்குள்ளே கேமராவைத் திருப்பக் கூடாது. ஆட்டைப் படம் எடுத்தாலும் பின்னால் என்ன விழுகிறது என்று நான் ஒரு முறை பார்த்துக்கொள்வேன். அண்ணன் மகன் ஒருநாள் ட்ரோனோடு வந்தான், "அத்தை, மேல இருந்து எடுத்தா பண்ணை சூப்பரா இருக்கும்" என்று. விமானத்தளத்திலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது. பெட்டியைத் திறக்கவே விடவில்லை. சோறு போட்டு அனுப்பிவைத்தேன்.

ஏமாந்த கதையும் ஒன்று உண்டு, பாதி ஏமாந்த கதை. ஃபேஸ்புக்கில் ஒரு விளம்பரம்: வெளிநாட்டுக் குதிரைமசால், பாதி விலை. ஆட்டைப் பற்றியே பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு ஆட்டுத் தீவன விளம்பரம் வராமல் என்ன செய்யும்? வாட்ஸ்அப்பில் எழுதினேன். மரியாதையான ஆள். ஆர்டர் போட ஒரு செயலி வேண்டும் என்று ஏபிகே என்ற செயலிக் கோப்பு ஒன்று அனுப்பினார், முன்பணம் ஐந்து வெள்ளிதான் என்றார். தெரியாத இடத்துச் செயலி, ஆபத்து என்று ஃபோன் இரண்டு தடவை எச்சரித்தது. நான் இரண்டு தடவையும் பரவாயில்லை என்று அழுத்தினேன். ஐந்து வெள்ளிக்கு என்ன ஆபத்து?

கோப்பு இறங்கிக்கொண்டிருந்தபோது பாதியில் நின்றது. பார்த்தால், அந்த வாரம்தான் மறுபடியும் ஜொகூர் போனபோது தானாகத் தேர்ந்தெடுக்க விட்டிருந்தேன், திரும்பி வந்து மாற்ற மறந்துவிட்டேன். ஃபோன் மலேசியாவுக்குத் தாவிவிட்டது. ரோமிங் இணையம் அணைந்திருந்ததால் எதுவும் இறங்கவில்லை. எரிச்சலோடு மகளைக் கூப்பிட்டு, சிக்னல் சரியில்லை, என்ன செய்வது என்று கேட்டேன். எதற்காக என்று அவள் கேட்டாள். சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

அப்படி இறங்கும் செயலி உள்ளே உட்கார்ந்துகொண்டு, வங்கிக் கடவுச்சொல்லையும் ஓடிபி என்கிற ஒருமுறை எண்ணையும் திருடுமாம். 2023-இல் இந்த வகை மோசடியில் சிங்கப்பூரில் நிறையப் பேர் சேமிப்பை இழந்து, போலிஸ் திரும்பத் திரும்ப எச்சரித்தது அப்புறம்தான் காதில் விழுந்தது. சந்தேகம் வந்தால் 1799 என்ற எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம். மோசடியைத் தடுக்கும் ஸ்கேம்ஷீல்டு செயலியும் இருக்கிறது, ஆனால் அதையும் ஃபோனின் அதிகாரபூர்வச் செயலிக் கடையிலிருந்துதான் இறக்க வேண்டும். குறுஞ்செய்தியின் தலைப்பில் மோசடியாக இருக்கலாம் என்று ஆங்கிலத்தில் வந்தால் அது பதிவு செய்யாத அனுப்புநர். அதைத் தொடவே வேண்டாம். வங்கியில் பணத்தைப் பூட்டும் வசதி வந்திருக்கிறது. பூட்டிய தொகையை இணையம் வழியாக யாராலும் மாற்ற முடியாது, நான் உட்பட. குத்தகைப் பணத்தை அதில் போட்டுவிட்டேன். சமூக மன்றத்தில் டிஜிட்டல் தூதர்கள் என்று பொறுமையான பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், முதியவர்களுக்குச் சொல்லித்தர. மகளிடம் மூன்றாவது தடவை கேட்டால் குரல் மாறும், அவர்களிடம் மாறாது.

அக்கரைக் கோபுரம் என்னிடம் 140 வெள்ளி வாங்கியது. அதைவிடப் பெரிய தொகையை அது காப்பாற்றியும் கொடுத்தது. இப்போது அந்தக் குறுஞ்செய்தி வந்தால் திட்டுவதில்லை.

ஒன்பது மணிக்குமேல் ஃபோன் சமையலறையில் இருக்கும். மூன்றரைக்கு எழ வேண்டியவள் பதினொன்றரை வரை யாரோ ஒருவர் வீட்டு மீன்குழம்பைப் பார்த்துக்கொண்டிருந்தால் நடக்கிற காரியமா?

இதற்கிடையில் ஒரு பெண் எழுதினார். தோ பாயோவில் இருக்கிறாராம். அவருடைய அப்பாவுக்கு எண்பத்தேழு வயது, கண் பார்வை மங்கிவிட்டது. சின்ன வயதில் சிராங்கூன் பக்கத்தில் அந்தப் பெரியவரின் அப்பா மாடு வைத்திருந்தார், பெரியவர் சைக்கிளில் வீடு வீடாகப் பால் ஊற்றியவர். லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவுக்குக் கண்டாங் கெர்பாவ் என்று மலாயில் பெயர், எருமைத் தொழுவம் என்று அர்த்தம். பஃப்ளோ ரோடு இன்னமும் இருக்கிறது, எருமைதான் இல்லை. என் காணொளியில் பால் செம்பில் விழுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு, மறுபடியும் போடு, மறுபடியும் போடு என்றாராம் பெரியவர். இசை சேர்க்காமல், பேசாமல், சத்தத்தை மட்டும் பதிந்து அனுப்ப முடியுமா என்று அந்தப் பெண் கேட்டார்.

மூன்று நிமிடம் பதிந்து அனுப்பினேன். முதலில் வெறும் செம்பில் விழுகிற ணங் ணங், பிறகு நிறைய நிறைய நுரைக்குள் இறங்குகிற சத்தம். நடுவில் ஒரு ஆடு தும்மியது, கணவர் இருமினார். அதை வெட்டவில்லை.

மறுநாள் பதில் வந்தது. அப்பா கேட்டுவிட்டுச் சொன்னாராம்: "கறக்கிற பொண்ணு இடது கையில பலம் கம்மி. காம்பை அடியில பிடிக்கச் சொல்லு."

உண்மைதான். போன வருடம் விழுந்ததிலிருந்து இடது மணிக்கட்டு சரியில்லை, கணவருக்கே அது தெரியாது. இன்று காலை பெரியவர் சொன்னபடி பிடித்துப் பார்த்தேன், வலி பரவாயில்லை. அதையும் பதிந்து அனுப்பலாம் என்று ஃபோனை எடுத்தால் சார்ஜ் நான்கு சதவீதம். கம்பியைத் தேடினேன். கருப்பி வாயில் கொஞ்சம் தொங்கிக்கொண்டிருந்தது.